அந்தப் படி எவ்வளவு உயரம்?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கடைசி பேப்பரை எழுதிட்டு ஹாலை விட்டு வெளியே வந்ததும் முதல் கேள்வி என்ன? 'எப்படி எழுதினே?'யா... சேச்சே! 'ட்ரீட் எங்கே மச்சி?' அதுதானே!

ஒருத்தர் பிரியாணிக் கடை பேரைச் சொல்வார். இன்னொருத்தர் மாடியில புதுசா திறந்திருக்கிற ஜூஸ் கடையைச் சொல்வார. உடனே செல்லை எடுத்து மேப்பைத் தட்டுவீங்க. எவ்வளவு தூரம், எத்தனை ஸ்டார், எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், பைக் நிறுத்த இடம் இருக்கா... எல்லாம் வந்து விழும்.

ஆனா, உங்க கேங்க்ல ஒருத்தர் சக்கர நாற்காலியில வர்றவரா இருந்தா? அவருக்கு முதல்ல வேண்டியது ஒரே ஒரு பதில். 'வாசல்ல படி இருக்கா?' பல கடைகளுக்கு மேப்பில் அந்தப் பதில் மட்டும் இருக்காது. அதனால அவர் என்ன செய்வார்? 'எனக்குத் தலைவலிடா, நீங்க போயிட்டு வாங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவார். நாமளும் நம்பிடுவோம்!

அந்தத் 'தலைவலி'க்குக் கொஞ்சம் மருந்து உங்க செல்லுலயே இருக்கு. அதைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப்போறோம்.

எப்பவும் ஏன் அதே கடை?

ஜெர்மனித் தலைநகரம் பெர்லின். அங்கே ராவுல் கிரவுட்ஹவுசன் என்று ஒருவர். எலும்புகள் சுலபமாக உடைந்துபோகிற பிறவிக் குறைபாடு அவருக்கு. சக்கர நாற்காலியில்தான் எல்லா இடத்துக்கும் போவார், வருவார். 2004-ல் உறவினர் ஒருவரோடு சேர்ந்து 'சோஷியல்ஹெல்டன்' என்கிற அமைப்பைத் தொடங்கியவர்.

நாம எப்பவும் ஏன் ஒரே காபி கடையிலேயே சந்திக்கிறோம் என்று நண்பர் ஒருவர் அவரிடம் கேட்டார். பதில் சிம்பிள். தன் நாற்காலி உள்ளே போகும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த கடை அதுதான்! அந்தப் பேச்சிலிருந்து பிறந்த யோசனைதான் 'வீல்மேப்'. 2010-ல் ஆரம்பமானது. ஊரில் இருக்கிற கடை, பேங்க், தியேட்டர், ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் அங்கே போய்ப் பார்த்த யார் வேண்டுமானாலும் ஒரு கலர் கொடுக்கலாம். டிராஃபிக் சிக்னல் மாதிரி!

பச்சைன்னா, வாசல்லயும் படி இல்லை, உள்ளே இருக்கிற அறைகளுக்கும் படி இல்லை. மஞ்சள்னா, வாசல்ல ஒரே ஒரு படி, அதுவும் 7 செ.மீ.க்கு மேல போகாது. உள்ளே முக்கியமான அறைகளுக்குப் போயிடலாம். சிவப்புன்னா, நுழைய முடியாது. இன்னும் யாரும் போய்ப் பார்க்கலைன்னா சாம்பல். டாய்லெட்டுக்குத் தனிக் குறிப்பு உண்டு: கதவு 90 செ.மீ. அகலம், உள்ளே நாற்காலி திரும்ப 150-க்கு 150 செ.மீ. இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி.

இந்த மேப்புக்கு அஸ்திவாரம் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்'. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய உலக வரைபடம். உங்களை மாதிரி, என்னை மாதிரி ஆட்கள் இலவசமாகத் திருத்தித் திருத்தி வளர்த்தது. நம்ம ஊர்த் தெருக்களும் அதில் இருக்கு.

கூகுள் மேப்ஸும் சும்மா இல்லை. 2018-ல் லண்டன், நியூயார்க், டோக்கியோ உள்பட சில நகரங்களில் சக்கர நாற்காலி போகக்கூடிய பஸ், ரயில் வழிகளைக் காட்ட ஆரம்பித்தது. 2020-ல் ஒன்றரைக் கோடி இடங்களுக்கு இந்த விவரம் இருப்பதாக அறிவித்தது. அதில் பெரும் பங்கு தன்னார்வலர்கள் போட்டது.

சிவப்பும் நல்ல செய்திதான்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. பச்சை போட்டாதான் உதவின்னு நினைச்சுடாதீங்க. உண்மையான எதிரி சிவப்பு இல்லை... சாம்பல்!

சிவப்புன்னு தெரிஞ்சா, அவர் வேற கடையைப் பார்த்துக்குவார். தெரியலைன்னா? ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, வெயில்ல அவ்வளவு தூரம் வந்து, வாசல்ல மூணு படியைப் பார்த்துட்டுத் திரும்பணும். இரண்டு தடவை இப்படி ஆனா, மூணாவது தடவை வீட்டை விட்டுக் கிளம்பவே மனசு வராது.

'அதனாலென்ன பாஸ், நாலு பேர் சேர்ந்து தூக்கிடுவோம்ல!' என்கிறீங்களா? நல்ல மனசுதான். ஆனா, நடுரோட்டில் நாலு பேர் தூக்க, நாப்பது பேர் வேடிக்கை பார்க்க, ஒரு டீ குடிக்கிறதுக்கு நீங்க ஒத்துக்குவீங்களா? பேட்டரி நாற்காலியா இருந்தா ஆளோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டிடும். கை வழுக்கினா என்ன ஆகும்? தூக்குவதற்கு முன்னால அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். இத்தனை பேர் எங்கே, நம்ம கண்ணுல அதிகம் படவே இல்லையேன்னு கேட்டா... அதற்கான பதிலில் ஒரு பாதி அந்த மூணு படியில் இருக்கு.

பைக் ஏறும்... நாற்காலி ஏறுமா?

நம்ம ஊர்க் கடை வாசலை ஒரு நிமிஷம் மனசுல கொண்டுவாங்க. சாக்கடை மேல ஒரு ஸ்லாப். அதைத் தாண்டி இரண்டு படி. மழைத் தண்ணி உள்ளே வரக்கூடாதுன்னு இன்னும் ஒரு படி. ஓரமா பைக் ஏத்துறதுக்குச் செங்குத்தா ஒரு சிமென்ட் சறுக்கு.

அந்தச் சறுக்கைப் பார்த்துட்டு 'சாய்தளம் இருக்கு'ன்னு பச்சை போட்டுடாதீங்க. பைக்குக்கு இன்ஜின் இருக்கு. கையால் தள்ளுகிற நாற்காலிக்கு? பொதுவான விதி 1-க்கு 12. அதாவது, 1 அடி உயரம் ஏறணும்னா 12 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேணும். 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்கே 6 அடி. மூணு படின்னா 18 அடி! இரண்டடி நீளச் சறுக்கில் ஏறினா நாற்காலி பின்பக்கமா மல்லாந்துடும்.

தப்பான பச்சை, சாம்பலைவிட ஆபத்து. நம்பி வந்தவர் நடுவழியில் மாட்டிக்குவார். அதனால உங்க அபிப்பிராயத்தைவிட அளவுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. 'சூப்பரா இருக்கு, ஈஸியா போகலாம்'னு எழுதாதீங்க. 'வாசலில் ஒரு படி, 12 செ.மீ. உயரம். பின்பக்க கேட் வழியாகப் படி இல்லாமல் வரலாம். வாட்ச்மேனிடம் சொன்னால் திறந்துவிடுவார்'னு எழுதுங்க. அதைப் படிக்கிறவர் தன் நாற்காலியும் தன் தெம்பும் என்னன்னு தெரிஞ்சவர். போகலாமா, வேண்டாமான்னு அவரே முடிவெடுப்பார்.

டேப் இல்லையா? ஏ.டி.எம். கார்டை நெட்டுக்குத்தலா நிறுத்துங்க, எட்டரை செ.மீ. படி அதைவிட உயரமா இருந்தா மஞ்சளுக்கே வாய்ப்பில்லை. மூணு ஏ4 பேப்பரை நீளவாக்கில் வரிசையா வெச்சா 89 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு நல்ல கதவின் அகலம். ரெக்கார்டு நோட்டு எழுத வாங்கின பேப்பர் இதுக்காவது உதவட்டுமே!

மெரினா சொன்ன பாடம்

2022 நவம்பர் 27. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சுமார் 260 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தாங்க. பிறந்ததிலிருந்து சென்னையிலேயே இருந்தும் கடல் அலை காலில் பட்டதில்லை என்கிற நிலைமையில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இரண்டே வாரம். டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடல் சீற்றத்தில் பாதையின் ஒரு பகுதி பெயர்ந்துபோச்சு. பிறகு சரிசெய்தாங்க. ஆனா, நடுவில் இருந்த அந்த நாட்களில் மேப்பைப் பார்த்துட்டு ஒருத்தர் வெளியூரிலிருந்து கிளம்பி வந்திருந்தா?

அதனால ஒரு தடவை போட்டுட்டுக் கையைக் கழுவுற வேலை இல்லை இது. லிஃப்ட் ரிப்பேர் ஆகும். சாய்தளத்தின் குறுக்கே எவராவது பைக்கை நிறுத்துவார். ரோடு மேல ரோடு போட்டு, படியின் உயரமே மாறிடும். தினமும் அந்தப் பக்கம் போற உங்களுக்குத்தான் அது முதல்ல தெரியும். திருத்தங்க. எந்தத் தேதியில் பார்த்தீங்கன்னும் குறிப்பிடுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம், அரசாங்கத்துடையதா இருந்தாலும் தனியாருடையதா இருந்தாலும், எல்லாரும் நுழையும்படி இருக்கணும்னு சொல்லுது. கல்வி நிலையம், கடைகண்ணி எல்லாம் அதில் அடக்கம். பழைய கட்டடங்களை மாற்ற 5 வருஷம் டைமும் கொடுத்தது.

நடந்ததா? பார்வையற்றவரான ராஜிவ் ரதூரி இதற்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது 2005-ல். 2024 நவம்பர் 8-ம் தேதி வந்த தீர்ப்பில், வெறும் சிபாரிசு மாதிரி வழிகாட்டி நெறிகளை வைத்துக்கொண்டிருந்தால் போதாது, கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டிய விதிகளைத் தனியாகப் பிரித்து 3 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசுக்கு நீதிமன்றம் சொன்னது. வழக்குக்கே 19 வருஷம்!

மேப்பில் குறிப்பு போட்டா படி இடிஞ்சு விழுந்துடாது. அது நிஜம். ஆனா, உங்க தெருவில் 40 கடைக்கு 37 சிவப்புன்னு ஒரு படம் கையில இருந்தா, கவுன்சிலர்கிட்ட பேசுறதுக்கு, கலெக்டர் ஆபீஸ் மனுவுக்கு அதைவிட வேற சாட்சி வேணுமா? 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட 'சுகம்ய பாரத்' ஆப்பில் போட்டோவோடு புகாரே பதிவு செய்யலாம்.

களத்துல இறங்கலாமா?

கூகுள் மேப்ஸில் கடையின் பக்கத்தைத் திறந்து திருத்தம் சொல்லலாம். வாசல், டாய்லெட், பார்க்கிங், உட்காரும் இடம் தனித்தனியா கேட்கும். ஆண்ட்ராய்டு போனில் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' என்கிற இலவச ஆப் இருக்கு. நீங்க நடக்கிற தெருவில் எந்த இடத்துக்கு விவரம் இல்லைன்னு அதுவே கேள்வி கேட்கும், நீங்க பதிலைத் தட்டினா போதும். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறிடும்.

கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு அளங்க. யார்னு தெரியாம ஒருத்தர் வந்து வாசல்ல டேப் பிடிச்சா அவர் பயந்துடுவார்! கஸ்டமர்கள் முகம் தெரிகிற போட்டோ வேண்டாம். முடிஞ்சா, சக்கர நாற்காலியில வர்ற நண்பரையே டீம் லீடரா போடுங்க. உங்க கண்ணுல படாத பத்து விஷயம் அவர் கண்ணுல படும். நடைபாதையில் பார்வையற்றோருக்கான மேடு வைத்த டைல்ஸ் இருக்கா, லிஃப்ட்டில் குரல் அறிவிப்பு வருதா... இவையும் குறிக்க வேண்டியவைதான்.

முதல் இடம் எது? வேற எங்கேயும் போக வேண்டாம். உங்க காலேஜ்! கேன்டீன், லைப்ரரி, எக்ஸாம் ஹால், ஆபீஸ் ரூம் ஃபீஸ் கவுன்ட்டர். மூணு வருஷமா தினம் ஏறி இறங்குறீங்களே... லைப்ரரி வாசல்ல எத்தனை படின்னு பார்க்காம சொல்ல முடியுமா?

முடியலை இல்லையா? ஏறத் தெரிஞ்சவங்களுக்குப் படி கண்ணுல படாது. நாளைக்கு ஒரு ஏ.டி.எம். கார்டோட போய் எண்ணிட்டு வாங்க. அடுத்த ட்ரீட்டுக்கு 'எங்கே போகலாம்?'னு கேட்கிறப்போ, இந்தத் தடவை அவர் கடை பேரைச் சொல்லட்டும்!