வேலியோரத்தில் ஒரு கலப்புப் பாத்தி

‘தோட்டம்’ என்றதும் நம்மவர்க்கு ரப்பர்த் தோட்டமே நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவதோ வீட்டு வேலியை ஒட்டிய நாலடி அகலப் பாத்தி. உயரமும் நிறமும் வேறான செடிகளை அதில் கலந்து நடலாம்.

ஆங்கில நூல்கள் இதற்குப் பருவக் கணக்குச் சொல்லும். ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே உள்ளது. இங்குப் பனிக்காலமும் இல்லை, செடிக்கு ஓய்வும் இல்லை. ஆகவே பூவைவிட இலையை நம்புங்கள் என்பேன். பின்வரிசையில் செம்பருத்தியும் குரோட்டனும், நடுவில் இட்லிப்பூ, வெயில் விழும் முன்வரிசையில் பத்துமணிப்பூ. ஓர் ஓரத்தில் பாண்டானும் செரையும் இருந்தால் சமையலுக்கும் ஆகும். கறிவேப்பிலையை இதில் சேர்க்காதீர்கள், அது மரமாகிவிடும்!

இட்லிப்பூச் செடிகளுக்கிடையே இரண்டடி விடுங்கள். முதல் சில மாதங்கள் வெறுமையாகத்தான் தெரியும்.

தாமான் வீடுகளில் இட்லிப்பூவின் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் சிமெண்டுச் சுவர்தான். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடிவதில்லை. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட்டால் போதும்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பாத்தியை அரையடி உயர்த்திவிடுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டித் தட்டில் தேங்கும் நீர் அதைவிட ஆபத்து. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கும். வாரந்தோறும் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். புரோமிலியாட் செடியின் இலைக்குழியிலும் நீர் நிற்கும். எவ்வளவு அழகானாலும் நான் அதை வைப்பதில்லை.