இரத்தத்தில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

நம் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: மொத்தம் 4.5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, அவ்வளவுதான்!

மூளை மட்டுமே மணிக்குச் சுமார் 5 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. அப்படியானால் இரவு உண்டு படுத்த நாம் காலையில் நலமாக எழுவது எப்படி?

கல்லீரல்தான் நம் நெற்குதிர். உண்ட சோறு செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகள் குளுக்கோஸை ஏற்கின்றன; கல்லீரல் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. குளுக்கோஸ் குறைந்தால் இன்சுலின் அடங்கும், அதே கணையம் குளுக்ககானைச் சுரக்கும், குதிர் திறக்கும். கல்லீரலின் இருப்பு சுமார் 100 கிராம், ஓரிரவுக்குப் போதும்.

தானியங்கி இஸ்திரிப் பெட்டியில் சூடு மிகுந்தால் மின்னோட்டம் தானே நிற்கிறதல்லவா? அதைப் போன்ற ஏற்பாடே இதுவும்.

இன்சுலின் போதாவிட்டாலும், அதற்கு உடல் சரிவர இணங்காவிட்டாலும் நீரிழிவு உண்டாகிறது. 1922-இல் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அன்றுமுதல் அது எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகிறது. ஆனால் ஊசியில் ஏறிய இன்சுலினுக்குத் தானே நிற்கத் தெரியாது.

ஆகவே ஊசி போட்டுக்கொண்டவர் உணவைத் தவறவிட்டு, வியர்த்து, நடுங்கி, தடுமாறினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். ஒரு தேக்கரண்டியின் அருமை அப்போது விளங்கும்.