வைஃபையைக் கழற்றிவிட்டு விற்ற போன்கள்

2006இல் நோக்கியா ஒரே உடம்பில் இரண்டு போன்களைச் செய்தது. ஒன்று ஈ61, மற்றது ஈ62. அகலத் திரை, அதன் கீழே முழு எழுத்துப்பலகை, எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஈ61இல் வைஃபை இருந்தது. அமெரிக்காவில் சிங்குலர் நிறுவனம் விற்ற ஈ62இல் அது இல்லை, 3ஜியும் இல்லை. 3ஜிக்காவது நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும் என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். வைஃபைக்கு அந்தச் சாட்டும் கிடையாது. நியூயோர்க்கில் பிடிக்கும் வைஃபை முள்ளியவளையிலும் அப்படியே பிடிக்கும்.

போர் முடிந்து, 2009க்குப் பிறகுதான் வன்னியில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழுந்தன. ஆகவே இந்தக் கூத்து நடந்தபோது நாங்கள் வேடிக்கை பார்க்கக்கூட அங்கே இல்லை. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் பாவித்துவிட்டு அனுப்பும் பழைய போன்களைக் கையில் எடுப்பவருக்கு இதில் ஏன் வைஃபை இல்லை என்ற கேள்வி எழக்கூடும். போன் திருத்தும் கடையில் சிம் லொக்கை எடுத்துத் தருவார்கள். இல்லாத வைஃபையை அவர்களாலும் கொண்டுவர முடியாது. ஏன் என்று பார்க்க, போனுக்குள் இருக்கும் வானொலிகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

கோபுரத்தோடு பேச ஒன்று. புளூடூத்துக்கு ஒன்று. ஜிபிஎஸ் செய்மதிகளின் குரலைக் கேட்க ஒன்று. வைஃபைக்கு இன்னொன்று. 2006 அளவில் இந்தக் கடைசி வானொலிக்குப் பெரும்பாலும் தனிச் சிப்பும் அன்ரனாவும் வேண்டியிருந்தன. அதன் அலை நொடிக்கு 240 கோடி தடவைக்கு மேல் அதிர்கிறது; ஓர் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். அதில் கால்வாசி, அதாவது மூன்று சென்ரிமீற்றர் உலோகக் கீற்று இருந்தால் அன்ரனா தயார். ரவுட்டர் வெளியே விடும் வலு பத்தில் ஒரு வாட் அளவுதான். சுவர்கள் தாண்டி உங்கள் கைக்கு வந்து சேரும்போது அது ஒரு வாட்டின் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சிறுத்திருக்கும். அந்தத் துளியைப் பிடித்துத்தான் போன் படம் ஓட்டுகிறது.

இந்த அலைவரிசை யாருடையது? ஒருவருடையதும் இல்லை. கைத்தொலைபேசி நிறுவனங்களின் அலைவரிசை வேலி அடைத்த வயல். உறுதி எழுதி, பணம் கட்டி வாங்கியது. வைஃபையின் அலைவரிசை ஊர்ப் பொது மேய்ச்சல் தரவை. 1985இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம், மைக்கேல் மார்கஸ் என்ற பொறியியலாளரின் முயற்சியில், மூன்று அலைவரிசைத் துண்டுகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் தொடர்பாடலுக்குப் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது. 2,400 முதல் 2,483.5 மெகாஹேர்ட்ஸ் வரையான துண்டு அதில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்புகள் இரைந்துகொண்டிருந்ததால் வேறு ஒருவரும் விரும்பாத இடம் அது. வலுவைக் குறைத்துக்கொள், வருகிற இரைச்சலைப் பொறுத்துக்கொள் என்பவைதான் அடிப்படை நிபந்தனைகள். 1997இல் 802.11 என்ற பொது நியமம் வந்தது. 1999இல் வைஃபை என்ற பெயர் ஒட்டியது.

பொது இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காதே? அதற்காக வைஃபைக் கருவிகள் பேசுமுன் காது கொடுக்கின்றன. அலைவரிசை ஓய்ந்திருக்கிறதா என்று கேட்கும். ஓய்ந்திருந்தாலும் உடனே பாயாது; மனதுக்குள் ஓர் இலக்கத்தைக் குலுக்கி எடுத்து, நொடியின் பத்து இலட்சத்தில் ஒன்பது பங்கு நீளமுள்ள அடிகளில் அதை எண்ணி முடிக்கும். முதலில் எண்ணி முடித்தவர் பேசுவார். இரண்டு கருவிகள் மோதிக்கொண்டால், அடுத்த முறை குலுக்கும் இலக்கத்தின் எல்லையை இரட்டிப்பாக்கும்: 15, 31, 63 என்று 1,023 வரை. கைத்தொலைபேசி வலையமைப்பில் இந்த விட்டுக்கொடுப்பு இல்லை. எந்தப் போன் எப்போது பேசலாம் என்பதைக் கோபுரம் முடிவு செய்யும். 4ஜியில் நொடிக்கு ஆயிரம் தடவை. வைஃபையில் மேலே இருந்து கட்டளை இடும் நிறுவனம் ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையின் சிக்கல் முழுவதும் இங்கேதான் முளைக்கிறது.

அதற்கு முன் எதிரொலியின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வீட்டுக்குள் வானலை நேராக மட்டும் வராது. சுவரில், அலுமாரியில், தகரக் கூரையில் பட்டுத் தெறித்து, ஒரே செய்தி பல தடவை பிந்திப் பிந்தி வந்து குழம்பும். அவுஸ்திரேலியாவின் சிசைரோ ஆய்வு நிறுவனத்தில் ஜோன் ஓ'சலிவன் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஓ'சலிவன் அடிப்படையில் வானொலி வானியலாளர். 1970களில் வெடிக்கும் சின்னக் கருந்துளைகளின் துடிப்பை வானத்தில் தேடியவர். கருந்துளை அகப்படவில்லை. கலங்கிய சிக்னலைத் தெளிய வைக்கும் கணக்கு அகப்பட்டது. வேகமான ஒரு தரவோட்டத்தைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக அனுப்புவது இந்த வழியின் சாரம். பின்னர் வந்த சில வைஃபை நியமங்களில் இவை 52. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் நொடியின் பத்து இலட்சத்தில் 0.8 பங்கு நேரம் காப்பு இடைவெளியாக விடப்படும். அந்த நேரத்தில் ஒளி 240 மீற்றர் ஓடும். அதாவது எதிரொலி 240 மீற்றர் சுற்றிக்கொண்டு வந்தாலும் செய்தி கெடாது. எந்த வளவுக்கும் அது போதும்.

கெடுப்பது வேறு. கிடுகு வேலி காய்ந்திருக்கும்போது அலை அதை ஊடுருவிப் போய்விடும். மாரியில் ஊறிய வேலியும் நனைந்த மாமரமும் அதை உறிஞ்சும். தண்ணீருக்கு ஒத்ததிர்வு உள்ள அலைவரிசை என்பதால்தான் 2.4 கிகாஹேர்ட்ஸைத் தேர்ந்தார்கள் என்ற பேச்சு மட்டும் பிழை. தண்ணீர் இந்தப் பக்கத்து அலைகள் எல்லாவற்றையுமே உறிஞ்சும். தகரம் உறிஞ்சாது, திருப்பி அடிக்கும். தகர அடைப்பு அறைக்குள் ரவுட்டரை வைத்துவிட்டு முற்றத்தில் சிக்னல் இல்லை என்று ரவுட்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

இனிக் காசு. 2000ஆம் ஆண்டு பிரித்தானியாவில் 3ஜி அலைவரிசை ஏலம் 2,250 கோடி பவுணுக்குப் போனது. அதே ஆண்டு ஜேர்மனியில் ஏறத்தாழ 5,000 கோடி யூரோ. இவ்வளவு கொட்டி வயல் வாங்கியவனுக்குப் பக்கத்தில் ஒரு பொதுத் தரவை இருப்பது பிடிக்குமா? போனில் வைஃபை இருந்தால் வாடிக்கையாளர் வீட்டிலும் கோப்பிக் கடையிலும் தரவை இலவசமாக எடுப்பார். ஸ்கைப்பில் பேசி அழைப்புக் கட்டணத்தையும் மிச்சம் பிடிப்பார். நாங்கள் போனைக் கடையில் வாங்குகிறோம், சிம்மை வேறாக வாங்கி ரீலோட் போடுகிறோம். அமெரிக்காவில் அன்று போனை விற்றதே வலையமைப்பு நிறுவனம்தான். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு, விலையில் பெரும்பங்கைத் தானே ஏற்றது. போன் செய்பவருக்கு உண்மையான வாடிக்கையாளர் அந்த நிறுவனம். அது வேண்டாம் என்றதைத் தொழிற்சாலை பூட்டாது.

இதற்குப் பிளாக்பெரி கேர்வைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2007இல் ஏரீ அன்ட் ரீ என்ற வலையமைப்பு நிறுவனம் விற்ற 8310 மாதிரியில் ஜிபிஎஸ் உண்டு, வைஃபை இல்லை. ரீ-மொபைல் விற்ற 8320இல் வைஃபை உண்டு, ஜிபிஎஸ் இல்லை. ரீ-மொபைல் மட்டும் ஏன் தாராளம் காட்டியது? அதனிடம் அப்போது 3ஜியே இல்லை. வீடுகளுக்குள் கவரேஜும் மெலிவு. ஆகவே வாடிக்கையாளரின் வீட்டு வைஃபையையே தன் கோபுரமாக்கிக்கொண்டது. அழைப்பு வீட்டு இணையம் வழியே போகும். பேசிக்கொண்டே தெருவுக்கு இறங்கினால் அறுபடாமல் வெளிக் கோபுரத்துக்கு மாறும். ஏழையின் கெட்டித்தனம் என்று இதைச் சொல்வேன். எதிர்ப்பக்கத்தில், வலுவான வலையமைப்பு வைத்திருந்த வெரைசன் 2008 நவம்பரில் ஐபோனுக்குப் போட்டியாகப் பிளாக்பெரி ஸ்டோர்மை இறக்கியது. வைஃபை இல்லை. அடுத்த ஒக்டோபரில் வந்த ஸ்டோர்ம் 2இல் இருந்தது.

இடையில் என்ன நடந்தது? ஐபோன். 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே வைஃபை இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் தரவைக் குடித்த வேகத்தில் ஏரீ அன்ட் ரீயின் கோபுரங்கள் திணறின. பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடியபோது கண்ணில் பட்டது அதே வைஃபைதான். 2008இல் அந்த நிறுவனம் வேபோர்ட் என்ற வைஃபை நிறுவனத்தை 27.5 கோடி டொலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. கழற்றச் சொன்ன கையே காசு கொடுத்து வாங்கியது.

சீனாவில் தடுத்தது கடைக்காரர் அல்ல, அரசு. வைஃபையின் முதல் பூட்டுமுறையான வெப் 2001இலேயே உடைபட்டுவிட்டது. சீனா 2003இல் வாப்பி என்ற சொந்தப் பூட்டுமுறையை அறிவித்தது. அதன் குறியாக்க இரகசியத்தைக் குறிப்பிட்ட சில சீன நிறுவனங்களிடம் மட்டும் கொடுத்தது. வெளிநாட்டவர் அவர்களோடு கூட்டுச் சேர வேண்டும். அமெரிக்கா சண்டை பிடித்ததில் 2004இல் கட்டாயம் தள்ளிப்போனது. ஆனால் வைஃபை உள்ள கைத்தொலைபேசிகளுக்கு அனுமதி கொடுக்காத வழக்கம் நீடித்தது. அதனால் 2009 ஒக்டோபர் 30 அன்று சைனா யூனிகொம் முதன்முதலாக விற்ற ஐபோன் வைஃபை இல்லாமலே வெளியே வந்தது; 32 கிகாபைட் 3ஜிஎஸ் ஒன்றின் விலை 6,999 யுவான். ஹொங்கொங்கிலிருந்து கள்ளமாக வந்த வைஃபை உள்ள ஐபோன் அதைவிட மலிவு. முழு வசதிப் போன் மலிவாகவும் குறை வசதிப் போன் கூடின விலைக்கும் கிடைத்தால் சனம் எதை வாங்கும்? அடுத்த ஆண்டே வாப்பியும் வைஃபையும் சேர்ந்த ஐபோன்கள் சீனாவில் விற்பனைக்கு வந்தன.

இன்று பல போன்களில் வைஃபைக்கான மின்சுற்றின் பெரும்பகுதி முதன்மைச் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. அதைக் கழற்றி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. நிறுவனங்களே 4ஜி ரவுட்டரை வீட்டுக்கு விற்கின்றன. கோபுரத்திலிருந்து ரவுட்டர் வரை வேலி அடைத்த வயல், ரவுட்டரிலிருந்து கை வரை பொதுத் தரவை.

பழைய போன் ஒன்று வந்து சேர்ந்து, அதில் வைஃபை பிடிக்காவிட்டால் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். வைஃபை என்ற வரியே இல்லாவிட்டால் பெரும்பாலும் அது பிறப்பிலேயே இல்லாத போன். திருத்தக் கொடுப்பது வீண் செலவு. வரி இருந்தும் சாம்பல் நிறமாகி அழுத்துப்படாமல் கிடந்தால், சிப் பழுதாகியிருக்கலாம் அல்லது அதன் ஈயப்பற்று விட்டிருக்கலாம். போனைப் பற்றிய விபரங்கள் உள்ள பக்கத்தில் வைஃபை முகவரி என்று இரண்டு இரண்டு எழுத்தாக ஆறு தொகுதி இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் சிப் விழிக்கவே இல்லை. சூட்டுக் காற்றடித்து ஈயத்தை மறுபடி உருக்கிப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். கொடுக்கும் முன் படங்களை வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.