ஓடையில் கிடைத்த எலும்பு: புதியதா, புதைபடிவமா?



பெருமழை பெய்து வெள்ளம் வடிந்த பிறகு, தோட்டத்து ஓடைகளில் பிள்ளைகள் மீன் பிடிக்க இறங்குவது வழக்கம். அப்போது சில வேளைகளில் மீனுக்குப் பதிலாக எலும்பு அகப்படுகிறது. அது கறுத்துக் கனத்து இருந்துவிட்டால் போதும். "ஐயா, இது ஆதிகாலத்து மிருகமா?" என்று பள்ளிக்கூடத்திற்கே தூக்கி வந்துவிடுவார்கள். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பெரும்பாலும் அது மாட்டெலும்பாகத்தான் இருக்கும். ஆனால் எப்போதாவது ஒருமுறை அப்படி இல்லாமலும் போகலாம். அந்த ஒன்றை நாம் குப்பையில் எறிந்துவிடக் கூடாதல்லவா? ஆகவே இன்று, புதிய எலும்பையும் புதைபடிவத்தையும் பிரித்தறியும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில், எலும்பு எதனால் ஆனது? அதில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, சுண்ணாம்புச் சத்து கலந்த கடினமான உப்பு. மற்றொன்று, அந்த உப்பைப் பிடித்து வைத்திருக்கும் பசை போன்ற சத்து. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் கழுவிய கோழிக்கால் எலும்பு ஒன்றைக் காடியில், அதாவது கடையில் 'சூக்கா' என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் ஊறப் போடுங்கள். இடையில் காடியை மாற்றி, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். எலும்பு ரப்பரைப் போல வளையும். உப்பு கரைந்துவிட்டது, பசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுப்பில் விழுந்த எலும்பில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பசை எரிந்துபோய், வெள்ளை உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் அது தொட்டால் நொறுங்குகிறது.

இறந்த மிருகத்தின் எலும்பு மண்ணில் புதையும்போது, முதலில் பசை மெல்ல மெல்ல அழிகிறது. பசை இருந்த இடங்களில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. மண்ணினூடே ஊறும் நீரில் சுண்ணாம்பு, இரும்பு போன்ற தாதுக்கள் கரைந்திருக்கும். அவை அந்தத் துளைகளில் படிந்து இறுகிவிட்டால், எலும்பு கல்லின் தன்மையைப் பெறுகிறது. இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட உயிர் எச்சங்களைப் புதைபடிவம் என்று சொல்வது அறிஞர்களிடையே உள்ள பொது வழக்கம்.

பலர் ஏமாறுவது நிறத்தைப் பார்த்துத்தான். எலும்பு கறுப்பாக இருந்தால் பழமையானது என்று நினைக்கிறார்கள். இது தவறு. சதுப்பு நிலத்து ஓடை நீர் தேநீர்ச் சாயம் போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலையும் வேரும் ஊறிய சாயம் அது. அந்த நீரிலோ, இரும்புச் சத்து மிகுந்த சேற்றிலோ சில ஆண்டுகள் கிடந்தாலே மாட்டெலும்பு கறுத்துவிடும். ஆகவே நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வேறு எதைப் பார்ப்பது? முதலாவதாக, வெட்டுக் காயம். எலும்பின் முனை வாளால் அறுத்ததுபோல நேராக இருந்தால், அது இறைச்சிக் கடையிலிருந்து வந்தது. இரண்டாவதாக, கனம். அதே அளவுள்ள மாட்டெலும்பை ஒரு கையிலும், கிடைத்ததை மறு கையிலும் ஏந்திப் பாருங்கள். தாது நிறைந்த புதைபடிவம் கல்லைப் போலக் கனக்கும். ஆனால் சேறு அடைத்திருந்தாலும் கனம் கூடும். ஆகவே கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, ஓசை. மெதுவாகத் தட்டினால், புதிய எலும்பு மரக்கட்டைபோல மந்தமாக ஒலிக்கும். கல்லானது பீங்கான்போல 'கிண்' என்று ஒலிக்கும். நான்காவதாக, உடைந்த பக்கம். எலும்பின் உள்ளே பஞ்சு போன்ற துளைகள் உண்டு. புதிய எலும்பில் அவை வெறுமையாக இருக்கும். புதைபடிவத்தில் பெரும்பாலும் அவற்றில் தாது அடைத்திருக்கும்.

ஐந்தாவது சோதனை, மணம். தானாக உதிர்ந்த ஓர் அரிசி அளவுத் துணுக்கைப் பெரியவர்கள் நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். முடி கருகும் நாற்றம் வந்தால், பசை இன்னும் இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்காக எலும்பை உடைக்கக் கூடாது. சிலர் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை அடியோடு விட்டுவிடுங்கள். ஓடை நீரில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நம் நாட்டில் உயிரைப் பறித்திருக்கிறது. எலும்பைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இந்தச் சோதனைகளில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. லெங்கோங்கில் 1991இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு ஏறக்குறைய 11,000 ஆண்டுப் பழமை உடையது. பழமை வேறு, கல்லாகும் அளவு வேறு. இரண்டும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் தோட்டங்களின் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. காடியில் கோழியெலும்பு கரைவதுபோல, அந்த மண்ணில் எலும்பும் நாளடைவில் கரைந்துவிடும். ஆகவே அங்கே மிகப் பழைய எலும்பு தங்குவது அரிது. சுண்ணாம்புக் குன்றுகளின் நிலை வேறு. அவற்றின் குகைகளில் புளிப்பு முறிந்துவிடுவதால் எலும்பும் பல்லும் பிழைத்திருக்கின்றன. உங்கள் ஓடை அத்தகைய குன்றின் அடிவாரத்திலிருந்து வருகிறதென்றால், கூடுதல் கவனம் தேவை. குறிப்பாகப் பற்களைத் தேடிப் பாருங்கள். பல்லின் மேற்பூச்சு எலும்பைவிடக் கடினமானது. அதனால் அதிக நாள் நிலைக்கும்.

அப்படி என்னதான் கிடைத்திருக்கிறது? ஈப்போவுக்கு அருகில், ஒரு சுண்ணாம்புக் குகையின் ஈயம் கலந்த மண்ணில் கிடைத்த விலங்கெலும்புகளைப் பற்றி 1962இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவற்றில் நீர்யானையின் எச்சமும் இருந்தது. இன்று நம் நாட்டுக் காட்டில் நீர்யானை ஏது? பத்துமலைக் குன்றில் கிடைத்த பழங்காலப் பற்கள் ஓராங் ஊத்தானுடையவை என்று 2013இல் அறிவிக்கப்பட்டது. இன்று அந்தக் குரங்கினம் போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே காட்டில் வாழ்கிறது. பகாங்கில் டைனோசரின் பல் கிடைத்த செய்தி 2014இல் வெளிவந்தது. ஒரு பல்லே இந்த நாட்டின் பழைய கதையை மாற்றி எழுத வைக்கிறது!

ஆனால் அந்தப் பல் எங்கே கிடைத்தது என்று தெரியாவிட்டால், அதன் பயனில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே எலும்பு கிடைத்தால் நாம் செய்ய வேண்டியவை இவை. கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். உடைக்காதீர்கள், எண்ணெய், சாயம் பூசாதீர்கள். கரையிலோ குகையிலோ தோண்டாதீர்கள். மருந்துக்கென்று அரைக்கவோ விற்கவோ வேண்டாம். பழமையானது என்ற ஐயம் வலுத்தால், மாவட்ட அலுவலகத்திற்கோ அரும்பொருளகத்திற்கோ தெரிவியுங்கள்.

புலியெலும்பு, யானைத் தந்தம் போன்றவற்றை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அவற்றை வனவிலங்கு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். மனித எலும்போ என்ற ஐயம் எழுந்தால், தொடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். காணாமற்போன ஒருவருக்காக எங்கோ ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளை கொண்டுவரும் எலும்பு நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை வெறும் எலும்பாகவே இருக்கட்டும். "எப்படித் தெரியும்? சோதித்துப் பார்ப்போம்" என்று நாம் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டால், அந்த மாட்டெலும்பே ஒரு பாடநூலாகிவிடும்.