கேபினெட்டுக்கு ஒரு ஜன்னல்: வெட்ட 15 நிமிஷம், மீதி வேலைக்கு 2 நாள்

போன டிசம்பர் லீவுல எங்க வீட்டு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு ஒரு ஜன்னல் வெச்சேன். சைடு பேனலை வெட்டி, அக்ரிலிக் மாட்டி, உள்ளே நீல எல்இடி எரிஞ்சப்போ செம கெத்தா இருந்தது. மறுநாள் காலையில அக்காவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் அரை சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு. திரும்ப அழுத்தினேன். அதே அரை சுத்து. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, மொபைலை ஒரு டம்ளர் மேல சாய்ச்சு வெச்சு, அந்தச் சின்ன ஸ்கிரீன்லயே இன்டர்வியூவை முடிச்சாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு சாயங்காலம் ஆச்சு. மதர்போர்டுக்கு அடியில, பவர் கனெக்டரோட ரெண்டு சால்டர் முனைகளுக்கு நடுவுல ஒரு இரும்புச் சுருள் ஒட்டிக்கிட்டு இருந்தது. நீளம் அரை சென்டிமீட்டர் கூட இருக்காது. ஷார்ட் ஆனதும் எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே நிறுத்திக்கிச்சு. அதனாலதான் போர்டு பிழைச்சது.

வெட்டினதுல எந்தத் தப்பும் இல்லை. கடைசியா நாலு போல்ட் ஓட்டை போடும்போதுதான், "ரெண்டு நிமிஷ வேலைதானே"ன்னு திறந்து கிடந்த கேபினெட் பக்கத்துலயே ட்ரில் போட்டேன். இந்த வேலையில முக்கால்வாசி, வெட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் இருக்கு. அதை வரிசையா சொல்றேன்.

முன்னாடி

பேனலைக் கழட்டி மொட்டை மாடிக்குக் கொண்டு போயிடுங்க. கேபினெட்டை மூடி வேற ரூம்ல வைங்க. இருக்கிறது டெம்பர்டு கிளாஸ் பேனல்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. அதை வெட்ட முடியாது, மொத்தமா நொறுங்கிடும்.

பேனல் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அது மேல ஜன்னலை வரைங்க. பேனல் ஓரத்துல இருந்து 30 மிமீ உள்ளே தள்ளி வரைஞ்சா மடிப்பும் கொக்கியும் தப்பிக்கும், பேனலும் தளராது. மூலைகளை வளைவா வரைங்க. கூர்மையான மூலையில ஸ்ட்ரெஸ் சேரும்னு நாம பரீட்சையில எழுதினது இங்கேயும் உண்மைதான். காத்து போற ஓட்டைகள் பேனல்ல இருந்தா அந்த இடத்தை விட்டுடுங்க. அழகுக்காக கிராபிக்ஸ் கார்டை வேக வைக்கக் கூடாது.

வெட்டுறது

கிரைண்டர் சீக்கிரம் வெட்டும். ஆனா சூட்டுல மெல்லிய தகடு நெளியும், பெயின்ட் கருகும். கேபினெட் தகட்டுல பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கும். அது சூடாகி வர்ற புகையை மூச்சுல இழுக்கிறது நல்லதில்லை. அதனால நான் வாடகைக்கு எடுத்தது ஜிக்சா.

முதல் வருஷ வொர்க்‌ஷாப் லேப்ல, "வெட்டும்போது குறைஞ்சது மூணு பல்லாவது உலோகத்துல இருக்கணும்"னு சொல்லியிருப்பாங்க. இங்கே அதைக் கணக்குப் போட்டுப் பாருங்க. அங்குலத்துக்கு 24 பல் இருக்கிற பிளேடுல ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் தூரம் சுமார் 1.06 மிமீ. என் தகடோட தடிமனே 0.7 மிமீ. ஒரே சமயத்துல ரெண்டு பல் கூட உள்ளே இருக்காது. தகடு ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மாட்டிக்கும், பிளேடு அதைப் பிடிச்சு மேலும் கீழும் உதறும்.

இதுக்கு வழி, தகட்டுக்கு அடியிலயும் மேலயும் மெல்லிய பிளைவுட் வெச்சு சி-கிளாம்ப் போட்டு இறுக்குறது. மேல் பிளைவுட்ல அதே கோட்டை மறுபடி வரைஞ்சுக்கோங்க. இப்ப பிளேடு வெட்டுறது தடிமனான ஒரு சாண்ட்விச்சை. தகடு உதறாது. நாலு மூலையிலயும் 10 மிமீ ஓட்டை போட்டு, பிளேடை அதுல இறக்கி, கோட்டுக்கு 1 மிமீ உள்பக்கமா வெட்டுங்க. அந்த 1 மிமீ அரத்துக்கு. எனக்கு மொத்தம் 15 நிமிஷம்தான் ஆச்சு.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தகட்டைத் தூக்கும்போது கிளவுஸ் போடுங்க, ட்ரில் ஓடும்போது கழட்டிடுங்க. துணி சுத்திக்கிட்டா விரலும் கூடவே போகும்.

பின்னாடி

வெட்டின விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அரத்தால கோடு வரைக்கும் தேய்ச்சு, பிசிறு எடுத்து, உப்புத்தாள் போடுங்க. அந்த இடத்துல பூச்சு போயிருக்கும், விட்டா துரு பிடிக்கும். பிரைமர் அடிச்சு, காய விட்டு, பெயின்ட் அடிங்க. ஒரு நாள் இதுலயே போயிடும்.

அக்ரிலிக் ஷீட் 3 மிமீ போதும். ஜன்னலை விட ஒவ்வொரு பக்கமும் 15 மிமீ அதிகமா வெட்டுங்க. மேல ஒட்டியிருக்கிற பாதுகாப்புப் பேப்பரைக் கடைசி வரைக்கும் உரிக்காதீங்க. ஓட்டை போடும்போது அடியில மரத்துண்டு வெச்சு, மெதுவான வேகத்துல போடுங்க. இல்லைன்னா விரிசல் விடும்.

அந்த ஓட்டை போல்ட்டை விட 1 மிமீ பெருசா இருக்கணும். சூடானா அக்ரிலிக் இரும்பை விட சுமார் ஆறு மடங்கு விரியும். 300 மிமீ ஷீட் 20 டிகிரி சூடானா 0.4 மிமீ நீளும். இரும்பு 0.1 மிமீ கூட நீளாது. டைட்டான ஓட்டையில அந்த வித்தியாசத்துக்கு இடமில்லாம, ஷீட் வளையும், இல்லைன்னா போல்ட் பக்கத்துல கீறல் விடும். துடைக்கும்போது தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், அக்ரிலிக் மயிரிழை மயிரிழையா வெடிக்கும். சோப்புத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும்.

கடைசியா துகள் வேட்டை. எல்லா ட்ரில் வேலையும் முடிஞ்ச பிறகு, அக்ரிலிக் மாட்டுறதுக்கு முன்னாடி, பேனலைத் தண்ணியில கழுவிக் காய வைங்க. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில போட்டு மடிப்பு, மூலை எல்லாம் ஓட்டுங்க. துகள் பை மேல ஒட்டும். பையைத் திருப்பிக் காந்தத்தை உருவினா துகள் எல்லாம் உள்ளே தங்கிடும். உங்க சட்டையையும் மாத்துங்க. ஃபேன் மோட்டார்லயே காந்தம் இருக்கு, கூட வர்ற துகளை அது இழுத்துக்கும்.

இப்ப எங்க வீட்டு ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்காவுக்கு ஏதாவது முக்கியமான கால் இருந்தா, முதல் நாள் ராத்திரியே கம்ப்யூட்டரை ஆன் பண்ணிப் பார்க்கிறாள். அந்தக் காந்தம் இன்னும் என் டிராயர்லதான் இருக்கு.