உணவியல் வல்லுநரும் உண்ணும் முறையும்

நுழையும்முன்

உணவு பசியைத் தணிப்பதுடன் உடலை வளர்க்கிறது. அளவும் முறையும் தவறினால் நோய்க்கும் வழிவகுக்கிறது. எதை உண்ண வேண்டும் என்பதை நாம் ஓரளவு அறிவோம். அறிந்தவற்றை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பதுதான் கடினம். அந்த இடைவெளியைக் கடக்க உணவியல் வல்லுநர் எவ்வாறு துணைசெய்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கணவாய்ச் சாலையில் ஒரு கேள்வி

பெங்களூருவிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரியைக் கடந்தபின் தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. சரிவும் வளைவும் மிகுந்த இப்பகுதியில் விபத்துகள் பல நிகழ்ந்துள்ளன. சரக்குந்து ஓட்டுநர் இங்கு ஒரு நொடி கவனம் தவறினாலும் பல உயிர்கள் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே, இச்சாலையில் வண்டியின் நலத்தைப் போலவே ஓட்டுபவரின் உடல்நலமும் இன்றியமையாதது.

எடுத்துக்காட்டாக, நாற்பத்தைந்து வயதுடைய ஓர் ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்தே பணிசெய்கிறார். நள்ளிரவில் சாலையோரக் கடையில் பரோட்டா உண்கிறார். உறக்கத்தை விரட்ட ஆறு குவளைத் தேநீர் அருந்துகிறார். மருத்துவமனையில் அவருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகத் தெரியவருகிறது. மருத்துவர் மாத்திரை தருகிறார். உணவிலும் கவனமாக இருக்குமாறு கூறுகிறார்.

அவர் அஞ்சுகிறார். ‘சோற்றை அறவே விட்டுவிடு’ என்கிறார் நண்பர் ஒருவர். ‘மூன்று வேளையும் களி சாப்பிடு’ என்கிறார் மற்றொருவர். ‘இரவு உணவே வேண்டா’ என்கிறார் வேறொருவர். அவரும் இரவு உணவைத் தவிர்த்து, மாத்திரையை மட்டும் உட்கொண்டு வண்டியை எடுக்கிறார். நீரிழிவுக்கான சிலவகை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும். அப்போது வியர்வையும் நடுக்கமும் தோன்றும், பார்வை மங்கும், சிந்தனை குழம்பும். கணவாய்ச் சரிவில் இந்நிலை ஏற்பட்டால் என்னவாகும்? உணவை மாற்ற வேண்டும் என்னும் அவருடைய நல்லெண்ணமே, முறையான வழிகாட்டுதல் இல்லாமையால் தீங்காக முடியும்.

உணவியல் வல்லுநர் யார்?

மக்கள் வழக்கில் ‘டயட்டீஷியன்’ எனப்படும் உணவியல் வல்லுநர், உணவியலையும் ஊட்டச்சத்தியலையும் முறையாகப் பயின்று, மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து வழங்குபவர் மருத்துவர். அந்நோய்க்கும் மருந்துக்கும் நோயாளியின் வாழ்க்கைமுறைக்கும் ஏற்ற உணவை வகுப்பவர் உணவியல் வல்லுநர். இருவர் பணியும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. இந்திய உணவியல் சங்கம் 1963 இல் தொடங்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்சார் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் உணவியல் பணியையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது.

உணவே நோயைத் தடுக்கும் என்னும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95 ஆவது அதிகாரம், முன்னர் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. அக்கருத்தை ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்றவாறு அளந்து கூறும் அறிவியலாக இன்றைய உணவியல் வளர்ந்துள்ளது.

குன்னூரில் தொடங்கிய ஆய்வு

இந்தியாவில் ஊட்டச்சத்து ஆய்வு வேர்கொண்ட இடங்களுள் முதன்மையானது நீலகிரி மாவட்டத்துக் குன்னூர். 1918 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன், அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். நன்கு தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்போரிடம் அந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. தீட்டும்போது அரிசியின் மேலுறையோடு தயமின் என்னும் உயிர்ச்சத்து நீங்குவதே அதற்குக் காரணம். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுவதால், புழுங்கலரிசியில் அது ஓரளவு எஞ்சுகிறது.

குன்னூர் ஆய்வகம் 1958 இல் ஐதராபாத்திற்கு இடம் மாறியது. பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர்பெற்றது. அதன் இயக்குநராகப் பணியாற்றிய அறிஞர் சி. கோபாலன், தொப்பூருக்கு அண்மையிலுள்ள சேலத்தில் 1918 இல் பிறந்தவர். இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைத் தொகுத்தளிக்கும் நூலை அவர் சக அறிஞர்களுடன் இணைந்து உருவாக்கினார். உணவியல் வல்லுநர்கள் நெடுங்காலம் கையேடாகக் கொண்டிருந்த நூல் அது.

முதல் சந்திப்பில் நிகழ்வது

உணவியல் வல்லுநரிடம் சென்றதும் அவர் ஓர் உணவுப்பட்டியலை நீட்டுவார் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அவர் முதலில் கேட்கிறார். முந்தைய நாள் காலை எழுந்தது முதல் உறங்கச் சென்றது வரை என்னென்ன உண்டீர்கள், எவ்வளவு, எந்நேரத்தில், எங்கே என வினவுகிறார். இஃது இருபத்துநான்கு மணிநேர உணவு நினைவுகூரல் எனப்படும். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அளக்கிறார். இந்தியர்களைப் பொறுத்தவரை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் அளவை இடுப்புச் சுற்றளவு எட்டினாலோ கடந்தாலோ எச்சரிக்கை தேவை. இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் உட்கொள்ளும் மருந்துகளையும் பார்க்கிறார்.

அடுத்து அவர் கேட்பவை இன்னும் இன்றியமையாதவை. வீட்டில் சமைப்பவர் யார்? மாத வருவாயில் உணவுக்கு எவ்வளவு ஒதுக்க இயலும்? பணி எத்தகையது? எந்த உணவை விட மனம் வராது? இவற்றுக்கான விடைகளை அறியாமல் வகுக்கும் உணவுத்திட்டம் தாளிலேயே தங்கிவிடும். ஆப்பிளும் ஓட்சும் வாங்க இயலாத குடும்பத்திற்குக் கொய்யாவையும் சாமையையும் பரிந்துரைப்பவரே நல்ல வல்லுநர்.

சிறிய மாற்றமும் பெரிய கணக்கும்

பழக்கம் என்பது வெறும் விருப்பம் அன்று; நேரம், இடம், உடனிருப்போர், விலை ஆகியவற்றோடு பின்னிக் கிடப்பது. எனவே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுமாறு உணவியல் வல்லுநர் கூறுவதில்லை. ஓரிரு இலக்குகளை மட்டும், நோயாளியே தேர்ந்தெடுக்குமாறு செய்கிறார்.

நாம் முன்பு கண்ட ஓட்டுநரையே எடுத்துக்கொள்வோம். குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை வீதம் ஆறு குவளைத் தேநீர் அருந்துகிறார். ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால், ஒரு நாளில் 60 கிராம். ஒரு மாதத்தில் 1,800 கிராம் சர்க்கரை. ‘இனிப்பே நான் தொடுவதில்லை’ என்று கூறும் அவர், இக்கணக்கைக் கண்டு வியப்படைவார். முதலில் குவளைக்கு ஒரு கரண்டியாகக் குறைத்தால் மாதத்திற்கு 900 கிராம் குறையும். நாக்கு அச்சுவைக்குப் பழகியபின் மேலும் குறைக்கலாம். இறுதியில் சர்க்கரையின்றியும் அருந்தலாம்.

இரவு உணவைத் தவிர்க்காமல், நான்கு பரோட்டாவுக்குப் பதிலாக இட்லி அல்லது சப்பாத்தியை அளவோடு, சாம்பாருடனோ காய்கறியுடனோ உண்ணுதல். உணவு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் பொருத்திக்கொள்ளுதல். வண்டியில் சுண்டலோ வேர்க்கடலையோ வைத்திருத்தல். சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி உட்கொள்ளக் குளுக்கோசு வைத்திருத்தல் என அவருடைய வாழ்க்கைக்கு ஏற்ற வழிகளை வல்லுநர் கூறுவார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் சந்திக்கும்போது, கைகூடியது எது, கைகூடாதது எது, ஏன் என ஆராய்வார். தவறியவரைக் கடிந்துகொள்வதில்லை, திட்டத்தைத் திருத்துகிறார். ஒரே சந்திப்பில் முடியாமல் தொடர்வதனால்தான் இப்பணி பயனளிக்கிறது.

சென்னை தந்த சான்று

உணவு ஆலோசனையால் உண்மையில் பயன் விளைகிறதா? இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்துள்ளது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் சென்னையில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் எனப்பட்ட அவ்வாய்வின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. பங்கேற்றோர் நான்கு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு உணவு, உடலுழைப்பு பற்றிய தொடர் வழிகாட்டுதலும், மூன்றாம் பிரிவினர்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையும், நான்காம் பிரிவினர்க்கு இரண்டும் வழங்கப்பட்டன.

மூன்றாண்டுகளில் முதற்பிரிவினருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் வாழ்க்கைமுறையையும் மாற்றிக்கொண்டோரில் அது 39.3 விழுக்காடாக இருந்தது. மாத்திரை உட்கொண்டோரில் 40.5 விழுக்காடு. அதாவது, வழிகாட்டுதலுடன் கூடிய வாழ்க்கைமுறை மாற்றம் மருந்துக்கு ஏறத்தாழ இணையான பயனைத் தந்தது. அவர்கள் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படாத நிலையிலும் இப்பயன் கிட்டியது என்பது கருதத்தக்கது. உணவு மாற்றத்தின் பயனை எடைபார்க்கும் கருவி ஒன்றைக் கொண்டே அளந்துவிட முடியாது என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

மண்ணுக்கேற்ற உணவு

கேழ்வரகும் சாமையும் தருமபுரி வட்டாரத்தின் மரபுணவுகள். 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம் கால்சியமே உள்ளது. அதே அளவு கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. நார்ச்சத்தும் அரிசியைவிட மிகுதி. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 2023 இல், தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது.

எனினும், கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 70 கிராம் அளவில் மாவுச்சத்து உள்ளது. நீரிழிவு உடையவர் ‘களி நல்லது’ என்று அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். மாவை நன்கு கரைத்துக் காய்ச்சிய கூழ் விரைவில் செரித்துவிடும். களியின் அளவைக் குறைத்து, கீரைக் கடையலும் பருப்பும் சேர்த்து உண்பதே பொருத்தம். ‘நல்ல உணவு’ என்பதற்கும் ‘எனக்கு ஏற்ற அளவிலான உணவு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணவியல் வல்லுநர் தெளிவுபடுத்துகிறார்.

இம்மாவட்டத்திற்கே உரிய மற்றொரு சிக்கல், நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளூரைடு. இது பற்களில் கறையையும் எலும்பு மூட்டுகளில் இறுக்கத்தையும் வலியையும் உண்டாக்கும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட மக்களுக்குப் பாதுகாப்பான நீரை வழங்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் நடைமுறைக்கு வந்தது. தூய நீரே இதற்கு முதன்மைத் தீர்வு. அதனுடன் கால்சியமும் வைட்டமின் சி யும் நிறைந்த உணவு உடலுக்கு அரணாகும். ஒருவருக்கு உணவுத்திட்டம் வகுக்கும்போது அவர் அருந்தும் நீரையும் கருத வேண்டும் என்பதை இஃது உணர்த்துகிறது.

தெரியுமா?

தகடூரை ஆண்ட அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தியை நாம் அறிவோம். தகடூரே இன்றைய தருமபுரி. நெல்லியில் வைட்டமின் சி மிகுதி. கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணைசெய்கிறது. உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும். இரத்தசோகை உடையவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரமேனும் இடைவெளி விடுவது நன்று.

யாரை நாடுவது?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் உணவியல் வல்லுநர்கள் பணியாற்றுகின்றனர். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இயங்கிவருகிறது. 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீடுதேடி வருகின்றன. மருந்து வீட்டுக்கு வந்தாலும் உணவை மாற்ற வேண்டியவர் வீட்டில் உள்ளவரே. ஒருவருக்காக மட்டும் தனிச்சமையல் நெடுநாள் நீடிக்காது. உப்பும் எண்ணெயும் குறைந்த, காய்கறி மிகுந்த உணவுக்குக் குடும்பமே மாறும்போது நோயுற்றவர் நலம்பெறுவதுடன் மற்றவர்க்கும் நோய்த்தடுப்பு அமைகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

‘பதினைந்து நாளில் பத்துக் கிலோ குறையலாம்’ என்பன போன்ற விளம்பரங்களை நம்பி உணவை மாற்றுவது தீங்கு தரும். கல்வித்தகுதியைக் கேட்டறிதல், மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் விழிப்பாக இருத்தல், விலையுயர்ந்த மாவுகளை வாங்க வற்புறுத்துவோரை விலக்குதல் ஆகியவை ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்.

மேல்நிலைக் கல்வியை முடித்தபின் இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் மாணவர்க்கு உண்டு. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் முதல்வராகவும் பின்னர்த் துணைவேந்தராகவும் விளங்கிய இராஜம்மாள் தேவதாஸ், ஊட்டச்சத்தியலில் பல தலைமுறை மாணவியரை உருவாக்கியவர். வட்டாரத்தின் விளைபொருளையும் சமையல் முறையையும் மக்களின் பேச்சையும் அறிந்த உணவியல் வல்லுநர்கள் ஒவ்வோர் ஊருக்கும் தேவைப்படுகின்றனர். அத்தகையோர் அவ்வூர்ப் பள்ளிகளிலிருந்தே உருவாக முடியும்.

கற்பவை கற்றபின்

1. நேற்றுக் காலை முதல் இரவு வரை நீங்கள் உண்டவற்றை நேரம், அளவு ஆகியவற்றுடன் பட்டியலிடுக. அதில் நீங்கள் மாற்ற விரும்பும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணம் எழுதுக.

2. உங்கள் வீட்டில் ஒரு மாதத்திற்குப் பயன்படும் உப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றின் அளவைக் கேட்டறிந்து, ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் அளவைக் கணக்கிடுக.

3. உங்கள் பகுதி முதியோரிடம் முற்கால உணவுமுறை பற்றிக் கேட்டறிந்து, இன்றைய உணவுமுறையுடன் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.