பொன்முடி ஏற்றத்தில் கியர் ஆயில் படும் பாடு

காஞ்சிரங்குளத்திலிருந்து பூவாருக்கும் நெய்யாற்றின்கரைக்கும் மீனும் வாழைக்குலையும் ஏற்றிப் போகிற பிக்கப்புகளில் பெரும்பாலானவை கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுகிறவைதான். பொலேரோ பிக்கப்போ தோஸ்த்தோ வைத்திருப்பவர் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவற்றின் கியர் பெட்டியில் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நேராகக் கடித்துச் சுழல்கின்றன. உண்டாகிற கொஞ்சம் சூடும் வெளிக்கூடு வழியாகவே காற்றில் போய்விடும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியின் கதை வேறு. இசுசு வி-கிராஸ், 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் ஆட்டோமேட்டிக்கிலும் கிடைக்கின்றன. இவற்றில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கத்து இறக்கைச் சக்கரம் ஆயிலை வீசியடிக்க, அந்த வேகத்தில் எதிர்ப்பக்கத்துச் சக்கரம் சுழலும். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு, முதலில் கப்பலின் நீராவிச் சுழலியை உந்துவிசிறியோடு இணைப்பதற்காக உருவானது. இதில் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒன்று சற்று நழுவும். நழுவுகிற அளவுக்கு எஞ்சினின் உழைப்பு ஆயிலில் சூடாகச் சேரும். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் நழுவல் நின்றுவிடும். கழக்கூட்டம்–காரோடு பைபாஸில் போகிற வண்டிக்கு ஆயில் சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை.

மலையில் அந்தப் பூட்டு விடுபடும். பொன்முடிப் பாதையில் கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். சுமையோடு மூன்று டன் எடையுள்ள வண்டியை 1,000 மீட்டர் தூக்க ஏறக்குறைய 2.94 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். அரை மணி நேரத்தில் ஏறினால், டயர் உராய்வைச் சேர்க்காமலே 16 கிலோவாட் சக்கரத்துக்குப் போய்ச்சேர வேண்டும். வழியில் கன்வெர்ட்டரில் 15 சதவீதம் வீணானால் அதுவே 3 கிலோவாட்டுக்குப் பக்கம். மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஆயிலுக்குள் முக்கி அரை மணி நேரம் சுவிட்சைப் போட்டு வைத்தது போன்ற சூடு அது.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பொதுவாக 80–90 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக இருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது ஒர்க்‌ஷாப்காரர்களின் தோராயக் கணக்கு. வெப்பம் ஏற ஏற வேதிவினை எவ்வளவு விரைவாகும் என்று 1889-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் எழுதிய விதியோடு இது ஒத்துப்போகிறது. 80 டிகிரியில் நெடுநாள் உழைக்கும் ஆயில், அந்தக் கணக்கின்படி, தொடர்ந்து 124 டிகிரியில் ஓடினால் பதினாறில் ஒரு பங்குக் காலமே தாங்கும். ஆயில் கறுக்கும், வால்வுகளில் பிசினாகப் படியும், ரப்பர் சீல்கள் விறைக்கும். பிறகு கிளட்ச் தகடுகள் நழுவத் தொடங்கி, அந்த நழுவலே மேலும் சூட்டைக் கிளப்பும். கியர் பெட்டிகளை ஓடிய தூரத்தைவிட ஏறிய சூடுதான் அதிகம் கொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஆயிலுக்குள் ஒரு காலத்தில் திமிங்கிலமும் இருந்தது. கிளட்ச் தகடுகள் அதிராமல் மெல்லப் பிடிக்க உதவியது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு வந்த மாற்று ஆயில்களில் ஒன்று, ரேடியேட்டருக்குள் இருந்த கூலரின் உலோகத்தையே அரித்தது. திமிங்கிலங்களுக்கு நல்லதாகப் போயிற்று. வேதியியலாளர்கள் சூட்டைத் தாங்கும் ஆயிலைத் தேடிப் பல ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது.

பல வண்டிகளில் கம்பெனி கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்தான் இருக்கிறது. அங்கே தண்ணீரே நல்ல சூட்டில் இருப்பதால் ஆயில் அந்தச் சூட்டுக்குக் கீழே இறங்க வழியில்லை. தனியாகப் பொருத்தும் துணைக் கூலர் ஆயிலின் சூட்டை நேராக வெளிக்காற்றுக்குக் கொடுக்கிறது. நம் ஊர்க் காற்று 32 டிகிரி என்றாலும் ஆயிலுக்கும் அதற்கும் 60 டிகிரி வித்தியாசம் கிடைக்கும்.

ரேடியேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஆயில் திரும்பும் குழாயில்தான் கூலரை இணைக்க வேண்டும். இடம், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால், காற்று முதலில் படும்படி. ரேடியேட்டர் இதழ்கள் வழியே பிளாஸ்டிக் கம்பி செருகிக் கட்டுகிற வழக்கம் ஆபத்தானது. அதிர்வில் உரசி உரசி ஒருநாள் ஓட்டை விழும். இரும்புப் பட்டை வைத்துச் சட்டத்தில் போல்ட் போட வேண்டும். தண்ணீர்க் குழாயோ டீசல் குழாயோ உதவாது, சூடான கியர் ஆயிலைத் தாங்கும் ரப்பர் குழாய்தான் வேண்டும்.

கூலரோடு ஒரு வெளிப் பில்டரையும் வைப்பவர்கள் அதைக் கூலருக்குப் பிறகு, அம்புக்குறி ஆயில் ஓடும் திசையைக் காட்டும்படி பொருத்துவது வழக்கம். கியர் பெட்டிக்குள்ளே இருக்கும் வலை பெரிய துகள்களையே தடுக்கும். வெளிப் பில்டர் நுண்ணிய கிளட்ச் தூளையும், காந்தம் இருந்தால் இரும்புத் தூளையும் பிடிக்கும். அடைத்தாலும் ஆயில் நிற்காதபடி மாற்றுவழி வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே தகடு தேய்ந்த கியர் பெட்டியைப் பில்டர் காப்பாற்றாது.

கூலரும் குழாயும் கூடுதலாகக் கொள்ளும் ஆயிலை ஊற்றியபின், கம்பெனி சொன்ன வெப்பநிலையில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் ஆயில் நுரைத்து, கிளட்ச்சுக்கு அழுத்தம் கிடைக்காது. பூவார், புல்லுவிளைக் கரைகளில் மீன் ஏற்றுகிற வண்டிகளில் கூலரின் அலுமினிய இதழ்களை உப்பு அரிக்கும். நல்ல தண்ணீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவுங்கள், பிரஷர் பம்ப் இதழ்களை மடக்கிவிடும்.

வாரண்டி உள்ள வண்டியானால் விற்றவரிடம் முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னால், ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, வழக்கமான சுமையோடு வழக்கமான ஏற்றத்தில் ஆயில் சூட்டைப் பாருங்கள். 95 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் கூலர் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஆயிலையும் உள் பில்டரையும் மாற்றிவிடலாம்.